அக்காவின் பாஸ்போர்ட்டில் ஆறு வாரம்

பாஸ்போர்ட்டில் இருந்த படம் மட்டும்தான் என்னுடையது. பேரும் பிறந்த தேதியும் என் அக்காவுடையவை. நான் அம்மா வயிற்றில் இருக்கும்போதே செத்துப்போனவள் அவள். மூன்று வயது. அவள் பேரில்தான் நான் கோப்பன்ஹேகனுக்குப் போய், ஆறு வாரம் பிள்ளை பார்க்கும் வேலையைப் படித்துவிட்டு வந்தேன்.

இத்தனை வருஷம் இதை வெளியில் சொல்லவில்லை. இப்போது சொன்னால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை. கேட்கக்கூடிய அதிகாரிகள் பென்சன் வாங்கி அதையும் தின்று முடித்திருப்பார்கள். அப்பாவும் அம்மாவும் எந்த அரசாங்கக் கந்தோரும், எந்த ஆபீசும் ஆள் அனுப்ப முடியாத இடத்துக்குப் போய்விட்டார்கள். கேட்டாலும் கேட்கட்டும், எனக்கென்ன.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில், பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளிப் பக்கம். 1948-இல் எனக்குப் பதினொரு வயது. அந்த வருஷம் அப்பாவுக்கு ஃபேக்டரியில் கை நசுங்கியது. வீட்டில் வேலைக்குப் போகும் பேர் ஒன்று குறைந்தால் தோட்டம் கொடுக்கும் அரிசியும் குறையும். என்னைப் பேர் பதிய வேண்டும். பேர் பதிவது என்றால் செக்ரோல் என்கிற சம்பளப் பேரேட்டில் ஏறி, தோட்டத்து ஆளாக வேலைக்குப் போவது. பதினொரு வயதில் பதிய மாட்டார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் வழி சொன்னார்.

"மூத்தவளோட பொறப்பு துண்டு இருக்குல்ல? அதக் கொண்டா. இவளுக்குப் பதினஞ்சுன்னு போட்டுக்கலாம். யாரு வந்து பல்லப் புடிச்சுப் பாக்கப் போறா?"

எங்கள் பக்கத்தில் இது புது வேலை இல்லை. நாலு லய வீட்டு வரிசைக்கு ஒரு பிள்ளையாவது இப்படி அண்ணன் துண்டிலோ அக்கா துண்டிலோ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிற அக்காவின் துண்டு என்றால் பிறகு தகராறு வரும். செத்த அக்கா என்றால் தகராறில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். அப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றாள்.

மறுநாளிலிருந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை அக்கா பேரைக் கூப்பிடுவார். நான் "ஆமாங்க" என்பேன். எனக்கு அடுத்த ஆளாக அம்மா நிற்பாள். விடியற்காலையில், பனியில், தினம் தினம் தன் செத்த பிள்ளையின் பேரைக் கூப்பிடுவதையும் இன்னொரு பிள்ளை அதற்குப் பதில் சொல்வதையும் அம்மா கேட்டாள். வீட்டுக்குள் என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். அக்கா பேரை அவள் வாயால் அந்த வருஷங்களில் நான் கேட்டதே இல்லை.

அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அதுவும் பெரியம்மா சொன்னது. அக்காவுக்கு வயிற்றோட்டம். மருந்து கொடுத்தவர், சாப்பிட ஒன்றும் கொடுக்கக் கூடாது, கஞ்சித் தண்ணி மட்டும்தான் என்று சொல்லியிருந்தார். காலையில் அம்மா கொழுந்தெடுக்கப் புறப்படும்போது அக்கா ரொட்டி கேட்டாளாம். சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அம்மா கொடுக்காமல் போய்விட்டாள். பத்து மணிக்கு மலைக்கு ஆள் வந்து கூப்பிட்டது. அவ்வளவுதான்.

பேர் பதிந்த கதை அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதே காலத்தில்தான் எங்கள் சனம் இந்த நாட்டுச் சனம் இல்லை என்று சட்டம் வந்தது. பிரஜையாக வேண்டும் என்றால் மனு போட வேண்டும், இத்தனை வருஷம் இங்கே இருந்தோம் என்று காட்ட வேண்டும். தோட்டத்துக் கந்தோர் கொடுத்த கடிதத்தில் செக்ரோலில் இருந்த பேர்தான் இருந்தது. அப்பாவும் அதையே மனுவில் எழுதினார். விசாரணை, மறு விசாரணை, பதுளையில் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோருக்கு நடை என்று வருஷக்கணக்காக இழுத்து, கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது. எங்கள் லயத்தில் பன்னிரண்டு குடும்பத்தில் எங்களுக்கு மட்டும். அந்தத் தாளில் அப்பா, அம்மா, அக்கா, இரண்டு தம்பிகள் என்று ஐந்து பேர் இருந்தார்கள். நான் இல்லை.

"இது வெளிய தெரிஞ்சா பொய் மனுன்னு எல்லாத்தயும் ரத்து பண்ணி அஞ்சு பேரயும் இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திருவாங்க," என்று அப்பா சொன்னார். "செத்தாலும் வாயத் தொறக்காத."

தொறக்கவில்லை. இருபத்துநாலு வயது வரை எனக்கு அது பழகியும் போனது.

அதற்குள் நான் கொழுந்து மலையை விட்டுப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்திருந்தேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. நீளமான ஒரு அறை, உத்தரத்தில் வரிசையாகப் பழைய சேலையில் கட்டிய ஏணைகள், ஒரு மூலையில் பால் காய்ச்சும் அடுப்பு. முப்பத்திரண்டு பிள்ளைகள், பார்க்க இரண்டு பேர். பிள்ளை அழாமல், விழாமல், சாகாமல் சாயந்திரம் தாயிடம் ஒப்படைப்பதுதான் வேலை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரே ஒரு வித்தியாசம், உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகையைத் துண்டு துண்டாக அறுத்து, கல்லில் தேய்த்து, நடக்கிற பிள்ளைகளுக்கு அடுக்கி விளையாடக் கொடுத்திருந்தேன். கொடுக்காவிட்டால் சுவரில் இருக்கும் சுண்ணாம்பைத் தின்றார்கள்.

ஒரு நாள் டாக்டரோடு ஒரு உயரமான வெள்ளைக்காரி வந்தாள். டென்மார்க்கிலிருந்து வந்தவள். ஏணையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், பலகைத் துண்டுகளைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இதை யார் செய்தது?" என்று கேட்டாள். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவின் மனைவி யாழ்ப்பாணத்து அம்மா, முன்னே டீச்சராக இருந்தவர். அவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்த் துணி தைத்துக் கொடுத்து, அதற்குப் பதிலாகப் படித்தது. "நான்" என்றேன். மூன்று மாதம் கழித்து, தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கடிதம் வந்தது. கோப்பன்ஹேகனில் கோடை காலத்தில் ஆறு வாரப் படிப்பு, பல நாட்டிலிருந்து பிள்ளை பார்க்கும் பெண்கள் வருவார்கள், புத்தகம் குறைவு, கையால் செய்து பழகுவதே அதிகம், செலவு முழுக்க அவர்களுடையது. இந்தப் பெண்ணை அனுப்புங்கள்.

துரைக்கு ஒரே பெருமை. தன் தோட்டத்துப் பேர் வெளியே போகிறதே. அப்பாவுக்கு உயிர் போனது.

"பாஸ்போர்ட்டுன்னா எல்லாத்தயும் தோண்டுவாங்கடி. வேணாம். காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்க."

"ஆறு வாரமும் படுத்தே கெடக்கவா? தொரையே மருந்தோட வந்து நிப்பாரு," என்றேன். எனக்குப் போக ஆசை. சும்மா ஆசையில்லை, வெறி. பதினொரு வயதிலிருந்து அவள் பேரைச் சுமந்ததற்கு அந்தப் பேர் எனக்கு ஒரு தடவையாவது ஏதாவது தரட்டுமே என்று இருந்தது.

டிஸ்பென்சர் ஐயாவின் மனைவிக்கு எங்கள் கதை தெரியாது. தோட்டத்துச் சனத்துக்குப் பிறந்த தேதி தெரியாது என்ற அளவில்தான் அவருக்குக் கவலை.

"கந்தோரிலை உம்மட பிறந்த திகதியைக் கேட்டால், முகட்டைப் பார்த்து யோசிச்சுக்கொண்டு நிக்கக் கூடாது. பட்டென்று சொல்ல வேணும். எங்க, சொல்லும் பாப்பம்?"

சொன்னேன். ஏணையை ஆட்டிக்கொண்டே நாள், மாதம், வருஷம் என்று நூறு தடவை சொல்லிப் பழகினேன். கொழும்பில் கந்தோர்க்காரர் துண்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருபத்தேழு வயசா? ஆள் சின்னதா இருக்கே."

"தோட்டத்துச் சாப்பாடுங்க ஐயா. வளரல."

சிரித்துவிட்டு முத்திரையைக் குத்தினார். வெளியே வந்தேன். அப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில், என்னைத் தெரியாதவர் போல நின்றுகொண்டிருந்தார்.

கோப்பன்ஹேகனைப் பற்றிப் பெரிதாக அளக்க எனக்கு வராது. கோடை காலம் என்றார்கள், பண்டாரவளையில் மார்கழி மாதம் இருப்பது போல இருந்தது. எல்லாரும் சைக்கிளில் போனார்கள், கிழவிகள் கூட. தின்னக் கொடுத்த பாண் கறுப்பாக இருந்தது. மீனை அடுப்பில் வைக்காமல் புளிக்காடியில் ஊறவைத்துத் தின்றார்கள். முதல் வாரம் நான் உருளைக்கிழங்கிலும் பாலிலும் உயிர் வாழ்ந்தேன். எங்களைத் தங்க வைத்தது ஒரு பள்ளிக்கூட விடுதி. அதோடு சேர்ந்து ஒரு பாலர் பள்ளி. காலையில் அங்கே பிள்ளைகளோடு, பகலுக்கு மேல் பட்டறையில் மரவேலை, களிமண், தையல். பதினாலு பெண்கள், எட்டு ஒன்பது பாஷை. கையில் மரம் அறுக்கும் வாளும் சுத்தியலும் இருக்கும்போது பாஷை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஒருத்தி விரலை நசுக்கிக்கொண்டு கத்தினால் எல்லாருக்கும் புரிந்தது.

தலைமை ஆசிரியைக்கு அறுபது வயது இருக்கும். கட்டையாக வெட்டிய நரைமுடி, பெரிய பூட்ஸ். இரண்டாம் நாள் எங்களை ஒரு வளவுக்குக் கூட்டிப்போனாள். வேலிக்குள்ளே உடைந்த பலகை, பழைய செங்கல், சக்கரம் கழன்ற வண்டி, சாக்கு, கயிறு. குப்பை கொட்டும் இடம் என்று நினைத்தேன். பார்த்தால் நடுவிலே பிள்ளைகள். ஆணி அடித்துக் குடிசை கட்டுகிறார்கள். எனக்குப் பக்கத்தில் நாலு வயதுகூட ஆகாத ஒரு செம்பட்டைத் தலைக்காரி, தன் தலையளவு சுத்தியலைத் தூக்கி ஒரு ஆணியின் மேல் போட்டுக்கொண்டிருந்தாள். பாய்ந்து போய்ச் சுத்தியலைப் பிடுங்கினேன். அவள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, கங்காணிகூட அப்படி முறைத்ததில்லை.

தலைமை ஆசிரியை வந்தாள். "திருப்பிக் கொடு."

"அடிபடும்," என்றேன்.

"படும்," என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அட பாவிகளா, இதைப் படிக்கவா அவ்வளவு தூரம் வந்தேன்? எங்கள் ஊரில் ஒரு பிள்ளை கையை நசுக்கிக்கொண்டால் தாய் என் கூந்தலைப் பிடித்து ஆட்டுவாள், அவள் செய்வதும் நியாயம். ஆனாலும் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் செம்பட்டைத் தலைக்காரி விரலில் அடித்துக்கொண்டாள். வீறிட்டாள். ஆசிரியை விரலைத் தண்ணீரில் காட்டி, துணி சுற்றி, சுத்தியலின் பிடியை இன்னும் கொஞ்சம் மேலே பிடிக்கக் காட்டினாள். அந்தக் கழுதையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய் மறுபடி அடித்தது. ஆணி இறங்கியது. அன்றைக்கு முழுக்க என் பின்னாலேயே வந்து அந்த ஆணியைக் காட்டினாள். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கூட்டு.

ஒவ்வொரு வாரமும் ஒரு நாள், யாராவது ஒருத்தி தன் ஊர்க் கைவேலை ஒன்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் ஏணை கட்டினேன். உத்தரத்தில் சேலையைப் போட்டு முடிச்சுப் போட, ஆசிரியை முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, தானே அதில் உட்கார்ந்தாள். அவள் உடம்புக்கு! நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன். முடிச்சு தாங்கியது. எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, உங்கள் ஊரில் ஒருத்தி எத்தனை பிள்ளைகளைப் பார்ப்பாள் என்று கேட்டாள். முப்பத்திரண்டு பேரை நாங்கள் இரண்டு பேர் பார்க்கிறோம் என்றேன். அவள் ஏணையிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

நாலாவது வாரம், ஒரு புதன்கிழமை. காலைச் சாப்பாட்டுக்கு இறங்கிப் போனால் மேசை முழுக்கச் சின்னச் சின்னக் கொடிகள், சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட அவர்கள் நாட்டுக் கொடி. பணிஸ், சூடான சாக்லேட், நடுவில் பெரிய கேக். ஒரு நாற்காலிக்கு மட்டும் பச்சை இலை சுற்றியிருந்தது. பாலர் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக நின்றார்கள்.

"யாருக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். ஆசிரியை என் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். "உனக்குத்தான். உன் பிறந்தநாள். பாஸ்போர்ட்டில் பார்த்தேன்."

நூறு தடவை சொல்லிப் பழகிய தேதி. நாளும் தெரியும், மாதமும் தெரியும். ஆனால் அந்த நாள் வருஷத்தில் ஒரு தடவை வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோட்டத்தில் பிறந்த தேதி என்பது கந்தோரில் கேட்டால் சொல்வதற்கு. அதை வைத்து யாரும் கேக் வெட்டியதில்லை. இது அக்கா பிறந்த நாள். அக்கா பிறந்த நாளில் அக்காவின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பிள்ளைகள் பாடினார்கள். கேக்கில் இருபத்தெட்டு மெழுகுவத்தி. செம்பட்டைத் தலைக்காரி என் மடியில் ஏறி உட்கார்ந்து, விரலை நீட்டித் தன் பாஷையில் எண்ணினாள். அவளுக்கு மூன்று வரைக்கும்தான் சரியாக எண்ண வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது மெழுகுவத்திக்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அத்தனை பேருக்கும் நடுவில் ஓவென்று அழுதுவிட்டேன்.

ஆசிரியை என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "என்ன? வீட்டு ஞாபகமா?"

வாய்வரைக்கும் வந்துவிட்டது. இங்கிலீஷில் நாலே சொல். இது என் அக்காவின் நாள். சொல்லியிருப்பேன். அவள் நல்லவள், கேட்டுவிட்டு என்னோடு சேர்ந்து அழுதிருப்பாள். அதோடு விடமாட்டாள், இப்படி ஒரு அநியாயமா என்று யாருக்காவது கடிதமும் எழுதியிருப்பாள். நல்லவர்கள் கடிதம் எழுதுவார்கள். அந்தக் கடிதம் ஊர் ஊராகப் போய்க் கொழும்பில் ஒரு மேசைக்கு வரும். அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் நின்ற அப்பாவின் முகம்.

"எங்க ஊர்ல இதெல்லாம் செய்ய மாட்டாங்க. எனக்குப் பழக்கமில்ல," என்றேன். அதுவும் உண்மைதான். அவள் என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போனேன். தட்டில் பெரிய துண்டு கேக் வைத்திருந்தார்கள், மேலே முழுக்கப் பாலாடையும் பழமும். ஒரு வாய் தின்றுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தேன். மடியில் இருந்தவள் தன் துண்டைத் தின்று முடித்துவிட்டு என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளிக் கொடுத்தேன். அதையும் தின்று, தட்டையும் விரலால் வழித்து நக்கினாள்.

மீதி இருந்த இரண்டு வாரத்தில் பட்டறையில் நான் ஒரு குட்டி நாற்காலி செய்து முடித்தேன். நாலு காலும் தரையில் படும், ஆடாது. எல்லாரும் தாங்கள் செய்ததன் அடியில் பேர் எழுதினார்கள். நான் எழுதவில்லை. எந்தப் பேரை எழுதுவது? கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். பேர் எப்படி இருக்க வேண்டும் என்று ஆசிரியை பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே," என்றேன். அழகான கையெழுத்தில் அக்காவின் பேரை எழுதினாள். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. ராப்பகலாகப் படித்தது நான், விரலில் காயம் என்னுடையது, பேர் அவளுக்கு.

பதுளை ஸ்டேஷனில் அப்பா வந்திருந்தார். முதல் கேள்வி, "யாராச்சும் ஏதாச்சும் கேட்டாங்களா?"

"இல்லப்பா."

அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது. பெட்டியை வாங்கித் தன் நல்ல கையில் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் சான்றிதழைப் பிரஜாவுரிமைத் தாளோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எளச்சுட்ட. சோறே போடலயா அங்க?" என்றாள். அதற்கு மேல் வெள்ளைக்கார ஊரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

துரை எனக்குப் பிள்ளைக்காம்பராவின் முழுப் பொறுப்பைக் கொடுத்தார். நான் கேட்ட இன்னொரு ஆளையும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். ஃபேக்டரியில் ஒதுக்கிப் போட்ட தேயிலைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, கோணல் ஆணிகளைக் கல்லில் வைத்து நிமிர்த்தி, வெளியே வேலி கட்டி ஒரு வளவு போட்டேன். கணக்கப்பிள்ளைக்கு இளக்காரம். "ஏம்மா, புள்ளைங்களுக்கு ஆசாரி வேலையா பழக்குற?" என்றார். ஆமாங்க, பெரட்டுக்களத்துக்கு வர்றதுக்கு முந்தி ஏதாவது பழகிக்கட்டும் என்றேன். முதல் வாரத்திலேயே ஒரு பிள்ளை விரலில் அடித்துக்கொண்டது. அதன் தாய் சண்டைக்கு வந்தாள், நான் எதிர்பார்த்தபடியே. பிள்ளை தான் அடித்த ஆணியைத் தாய்க்குக் காட்டியது. அதற்கப்புறமும் அவள் என்னைத் திட்டினாள்தான், ஆனால் குரல் இறங்கியிருந்தது. சுத்தியல் வேலையில் நான் விடாப்பிடியாக நின்றேன். கோப்பன்ஹேகனிலிருந்து சுமந்து வந்த என் குட்டி நாற்காலி முப்பது வருஷம் அங்கே இருந்தது.

பிறந்தநாள் விஷயத்தை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வந்து ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பிகள் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். அப்பாவும் இல்லை. அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள், நான் தேங்காய் துருவினேன். எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"அம்மா, அங்க அக்காவுக்குப் பொறந்தநாள் கொண்டாடுனாங்க."

கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. நான்தான் நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனேன். பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தேதி கண்டுபிடித்தது, கொடி, இலை சுற்றிய நாற்காலி, பாட்டு, மெழுகுவத்தி. நான் அழுததைச் சொல்லவில்லை. அம்மா மாவைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்றும் நினைத்தேன்.

அம்மா அக்காவின் பேரைச் சொன்னாள். என் காதால் அவள் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பேரைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"புள்ளைக்குத் திங்க என்னா குடுத்தாங்க?"

"கேக்கும்மா. பணிசு, கேக்கு, பாலு எல்லாம்."

"சாப்புட்டாளா?"

செம்பட்டைத் தலையும் வழித்து நக்கிய தட்டும் என் கண்முன் வந்தன.

"சாப்புட்டாம்மா," என்றேன். "ரெண்டு துண்டு."

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு மாவை உருட்டி, கல்லில் முதல் ரொட்டியைப் போட்டாள்.